என் இடத்தில் ஒருத்தி

நான் வேலைக்குப் போகும் வழியில் ஓர் இடுகாடு இருக்கிறது. டிராம் நிறுத்தத்துக்கு அதுதான் குறுக்கு வழி. ஜெர்மானியர்கள் அதை ஃப்ரீட்ஹோஃப் என்கிறார்கள். நம்மூர்ப் பூங்காக்களில் இல்லாத மரமும் பெஞ்சும் அங்கே உண்டு. செடிகளுக்கு ஊற்றப் பச்சைப் பூவாளிகள் வரிசையாகத் தொங்கும். ஒரு நாள் காலை, ஒரு கல்லறைக் கல்லின் நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தவறான இடத்தில் நிறுத்திய வண்டிக்கு ஒட்டுவார்களே, அந்த மாதிரி. கல்லறை இடத்துக்குக் கட்டிய குத்தகைக் காலம் முடிந்துவிட்டது, சம்பந்தப்பட்டவர்கள் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும் என்று எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டவர் கீழே படுத்திருக்கிறாரே, அவர் எப்படித் தொடர்புகொள்வார் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. குளிர்காலம் முடிந்து பார்த்தபோது அந்தக் கல்லைக் காணவில்லை. அந்த இடத்தில் புல் விதை தூவியிருந்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஹைக்கே என்று ஒரு சக நர்ஸ். அவளிடம், "அந்த எலும்பெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டேன். அவள் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வீட்டில் யார் இறந்தது என்று கேட்டாள். என்னிடம் இருக்கும் ஜெர்மன் மருந்து கொடுக்கவும் படுக்கை மாற்றவும் போதும். யாரும் சாகவில்லை, எனக்குத்தான் பயமாக இருக்கிறது என்று சொல்ல அது போதவில்லை. ஒரு சாக்லேட்டைக் கொடுத்து, அன்று என் மாலை வேலையையும் அவளே செய்தாள். நல்லவள். ஆனால் நான் கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் மதுரைக்கு, அப்பாவுக்குப் போன் போட்டேன். "நம்ம ஊர்ல இந்தக் கூத்தெல்லாம் கெடையாதுப்பா. என் எடத்த யாரும் எடுக்க முடியாதுல்ல?" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஆனையூருக்கு வெளியே, சமயநல்லூர்ப் பக்கம் போகும் வழியில் எங்கள் சபைக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று இடம்: அம்மாவுக்கு, அப்பாவுக்கு, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்ட எனக்கு. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மற்ற இரண்டும் காலி. அப்பா மெதுவாக, "என் எடத்தக் குடுத்துட்டேன் பாப்பா" என்றார். பஸ் ஸ்டாண்டில் செத்துக்கிடந்த, பெயர் தெரியாத ஒரு கிழவரை அங்கே அடக்கம் செய்திருக்கிறார். என் அம்மாவுக்குப் பக்கத்தில் யாரோ ஓர் ஆள் படுத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. நான் பொறுமைசாலி இல்லை. இருக்கிற பொறுமையெல்லாம் நோயாளிகளிடமே தீர்ந்துவிடுகிறது.

அப்பாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் விபரீதம் புரியும். பெயர் ஞானமுத்து. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். யாருக்கும் ஒரு ஸ்பானர்கூட இரவல் கொடுக்காதவர். அதே கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துக் குடும்பம் அரை அடி தள்ளிச் சுவர் எழுப்பிவிட்டது என்று சபைக் கமிட்டியையே இரண்டாக்கியவர். சண்டை முடிந்ததும் எங்கள் இடத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வரம்பு கட்டினார். கிருபை என்ற சொல்லை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவள்தான் நான். எங்கள் வீட்டில் அது சாப்பாட்டு ஜெபத்தின் கடைசி வரியில் வரும். அதற்குப் பிறகு குழம்பு வரும். அவ்வளவுதான்.

அம்மா இறந்ததிலிருந்துதான் அவர் மாறினார். அப்போது நான் ஜெர்மனியில் இருந்தேன். லீவு கிடைத்து விமானம் ஏறுவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அம்மா இறந்த அன்று மத்தியானம் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து வாங்க வெளியே போயிருக்கிறார். திரும்பி வந்தபோது அம்மாவின் கண்கள் மூடியிருந்தன. தாடை துணியால் கட்டியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "போயிட்டாங்கண்ணே. கடைசி வரைக்கும் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். அப்பா நர்ஸைக் கூப்பிட ஓடினார். வந்து பார்த்தால் அவள் இல்லை. பக்கத்துக் கட்டில் காலையிலிருந்தே காலி என்று வார்டில் எல்லோரும் சொன்னார்கள். தாடைக் கட்டு உச்சந்தலையில் சின்ன முடிச்சாக இருந்ததாம். பழகிய கைதான் அப்படிக் கட்டும் என்பது எனக்குத் தெரியும். ஷிப்ட் மாறும் நேரத்தில் யாரோ வந்திருப்பார்கள் என்று சமாதானம் சொன்னேன். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. "நான் நிக்க வேண்டிய எடத்துல எவளோ ஒருத்தி நின்னுருக்கா. நன்றி சொல்லக்கூட ஆளில்ல. நான் என்ன யோக்கியம்னு எனக்கு இத ஆண்டவரு குடுத்தாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆளில்லாத நோயாளிகளுக்குப் பாலும் ரொட்டியும் கொடுக்க ஆரம்பித்தார். அவர்களில் யாராவது இறந்தால் அடக்கத்துக்கும் ஓடினார்.

அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டதோ என்ற பயத்தில், போன வருடம் மழைக்காலத்தில் யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டு வந்தேன். அப்பாவிடமும் சொல்லவில்லை. காலையில் ஆனையூர் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றபோது அவர் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். ஆச்சரியப்படவில்லை. "ஒனக்குத்தான் போடப் போனேன். ஒன்ட்ட ஒண்ணு கேக்கணும். நீயே வாசல்ல நிக்கிற" என்றார். யாரோ என்னை அனுப்பி வைத்தது போல அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் கேட்க நினைத்தது என் இடத்தை. சமயநல்லூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் மயங்கிக் கிடந்து, பல மாதமாக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். எந்த ஊர்க்காரி என்று தெரியாது. இந்தி பேசுகிறவர்களைக் கூட்டிவந்து பேசவைத்தார்கள். அவர்களுக்கும் அவள் பேச்சு புரியவில்லை. போலீஸ் விசாரித்தும் யாரும் தேடி வரவில்லை. இறந்து சில நாள் ஆகிறது. அடக்கம் செய்ய அன்றுதான் அனுமதி வந்திருக்கிறது. "ஒரே ஒரு வார்த்தையத்தான் சொல்லிக்கிட்டே இருந்தா பாப்பா. அது அவ பேரா, ஊரா, தண்ணி கேட்டாளான்னு கடைசி வரைக்கும் தெரியல" என்றார்.

"முடியாதுப்பா" என்றேன். "அப்ப நான் எங்க போவேன்?"

"அத நானும் ஒன்ட்ட கேக்கணும்னுதான் இருந்தேன். நீ அங்கன செத்தா அங்கனயே வச்சுருவாகளா, இல்ல இங்க கொண்டாருவாகளா?"

வருடக்கணக்காக அந்தக் கேள்வியைத் தொடாமலே இரண்டு நாட்டுக்கும் பறந்துகொண்டிருக்கிறேன். ஊரில் எனக்கென்று மிச்சமிருந்தது ஆறடி மண். வீடு அப்பா பெயரில். சிநேகிதிகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அந்தச் செங்கல் வரம்புக்குள் இருக்கும் இடம் ஒன்றுதான், நீ இந்த ஊர்க்காரி என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் பெயரில்லாத ஒருத்திக்குக் கொடுக்கவேண்டுமா என்று நினைக்க அழுகை வந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு அப்பாவோடு போனேன். அவரைத் தனியாக விட மனம் வரவில்லை.

பிணவறையில் அவளைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். என் உயரம். முன்கையில் பச்சை குத்திய எழுத்து மங்கி, எந்த மொழி என்றே தெரியாமல் கிடந்தது. வாய் திறந்திருந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பாதி சொல்லி நிறுத்தியவள் போல இருந்தாள். ஊழியர் ஒருவர் தாடை கட்டத் துணிச்சுருளோடு வந்தார். ஏன் என்று தெரியவில்லை, "குடுங்கண்ணே, நான் கட்டுறேன்" என்று வாங்கிக்கொண்டேன். குளிரில் இறுகிய தாடை மெல்ல மெல்லத்தான் இணங்கியது. முகவாயின் கீழ் கொடுத்து உச்சந்தலையில் சின்னதாக முடிச்சுப் போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது. என் முதுகுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் நிற்கிறாள் என்று நிச்சயமாகத் தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. பயந்தேன்.

"சரிப்பா" என்றேன். அப்பா தன் பையைத் திறந்தார். அதில் என் பழைய நீலப் புடவை இருந்தது. வீட்டு பீரோவிலிருந்து கேட்காமலே எடுத்து வந்திருக்கிறார். "ஒருவேளை நீ சரின்னுட்டா..." என்று இழுத்தார். அவளைத் துடைத்து, அந்தப் புடவையைக் கட்டிவிட்டேன். இதற்கிடையில் அப்பா வெளியே போய், குழி வெட்டும் கருப்பையாவுக்குப் போன் போட்டார். "கருப்பையா, எஸ்தரு எடத்துல வெட்டுப்பா. பொம்பள ஆளுதான். சாயங்காலம் கொண்டாரேன்" என்று என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. பிறகு போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டார்.

மதுரையில் பிறந்தவர்களுக்கு மேற்கொண்டு நடந்ததைச் சொல்லவே வேண்டாம். வேன் ஆனையூர் முக்கில் திரும்பியபோது, டீக்கடைக்கு மேலே புது பிளக்ஸ் ஒன்று காற்றில் படபடத்தது. கண்ணீர் அஞ்சலி. நடுவில், பனியில் சிவப்பு ஜாக்கெட்டோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் வைத்திருந்த என் படம். ஜெர்மனியில் பணியாற்றிய எஸ்தர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று எழுதி, கீழே சபை வாலிபர்களின் படங்கள் என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தன. என் கையருகே பெட்டிக்குள் என் புடவையில் அவள். வெளியே என் முகம். ஒரு நொடி, இந்த வேனுக்குள் யார் யாரைக் கொண்டுபோகிறார்கள் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, பிளக்ஸைப் பார்த்து, வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "நான்தாண்ணே, உசுரோடதான் இருக்கேன், ஓட்டுங்க" என்றேன்.

கல்லறைத் தோட்டம் நிறையக் கூட்டம். நான் வேனிலிருந்து இறங்கியதும் ஒரு குழந்தை வீறிட்டது. கருப்பையா மண்வெட்டியைக் கீழே போட்டார். "எஸ்தரு எடம்னதும் நீதான்னு நெனச்சு ஊருக்கே சொல்லிட்டேனேம்மா. ஒன்ன மனசுல வச்சுத்தான் அளவு வெட்டுனேன்" என்றார். திருநகரிலிருந்து வந்திருந்த ரூபி அத்தை, அப்பாவின் தங்கை, என்னிடம் வந்து கன்னத்தைத் தொட்டாள், சூடாக இருக்கிறதா என்று கழுத்தில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு ஓங்கி முதுகில் ஓர் அடி வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டு கதறினாள். அப்பா நடந்ததை எல்லோருக்கும் சொன்னார்.

பின்னாலிருந்து ஒருவர், "யாருன்னே தெரியாத ஆளுக்கா நாம இம்புட்டுப் பேரும் வேலையப் போட்டுட்டு வந்தோம்?" என்றார். தவறில்லை, நியாயமான கேள்விதான். சிலர் செருப்பைத் தேடினார்கள். அப்பா பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். இவர்கள் போய்விட்டால், அவள் பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தது போலவே குழிக்குள்ளும் போவாள். என் இடத்தைக் கொடுத்துவிட்டேன். எனக்காக வந்த ஆட்களை நான் எப்படிக் கொடுப்பது?

ரூபி அத்தைதான் மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பினாள். "திருநகர்ல இருந்து பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்துருக்கேன். இந்த அழுகைய நான் திரும்ப வீட்டுக்கா கொண்டுபோறது? அவளும் ஒரு வீட்டுப் பிள்ளதான?" என்றாள். சொல்லிவிட்டு அவளே போய்ப் பெட்டியின் மறு முனையைப் பிடித்தாள். செருப்பைத் தேடியவர்களில் ஒருவர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தோள்கொடுத்தார். பிறகு பாட்டு ஆரம்பித்தது. எனக்கு வாங்கிய மாலைகளெல்லாம் அவள்மேல் விழுந்தன. எனக்காகக் கொண்டுவந்த அழுகையை யாரும் மிச்சம் வைக்கவில்லை. மண் போடும் முறை வந்தபோது நானும் குனிந்து ஒரு பிடி அள்ளினேன். என் குழிக்குள் நானே மண் போட்டேன். பெட்டியின்மேல் அது விழுந்த சத்தம் இப்போதும் சில நாள் டிராமில் கேட்கிறது.

"இனி நீ எங்க போவப்பா?" என்று கேட்டேன்.

"அத ஆண்டவரு பாத்துக்குவாரு. அன்னைக்கு ஒங்கம்மா பக்கத்துல எனக்குப் பதிலா ஒருத்தி வந்து நின்னாள்ல" என்றார் அப்பா.

மண் மூடி முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. புது மண் உள்வாங்கிவிடும், எதையாவது போட்டு மூடுங்கள் என்று கருப்பையா கத்தினார். வாலிபர்கள் வெட்கப்பட்டு டீக்கடையிலிருந்து அவிழ்த்து வந்து சுருட்டி வைத்திருந்த பிளக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். என் முகம் தெரியாமல் கவிழ்த்துத்தான் விரிக்கப் பார்த்தார்கள். "நேராப் போடுங்கடா, பின்பக்கம் மேல இருந்தா தண்ணி எறங்கும்" என்றார் கருப்பையா. திருப்பி விரித்து நான்கு முனையிலும் செங்கல் வைத்தார்கள். பனியில் சிரிக்கும் அந்த முகத்தின்மேல் மதுரை மழை கொட்டி வழிந்துகொண்டிருந்தது. அப்பா பிடித்த குடைக்குள் நான் நனையாமல் நின்றுகொண்டிருந்தேன்.