ஈயச்சட்டைக்கு வந்த காய்ச்சல்

எக்ஸ்ரே அறையின் தலைமை டெக்னீஷியனுக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் ஈயச்சட்டை. கதிர் தாக்காமலிருக்கப் போடும் அந்தக் கனத்த உடுப்பை அவர் டீக்கடையில்கூடக் கழற்ற மாட்டார். அவர் டீ குடிக்கும் நேரமெல்லாம் படம் எடுப்பது, அவருக்குக் கீழே டெக்னீஷியனாக இருந்த அவள். படத்துக்குக் கீழே கையெழுத்து மட்டும் அவருடையது.

அவள் கணவனுக்குப் பக்கத்து மாநிலத்தில் வேலை கிடைத்தது. இரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனான். அவளுக்கு அங்கே வேலை வேண்டுமானால், 'இவள்மேல் புகார் இல்லை' என்று, டெக்னீஷியன்களைப் பதிவு செய்யும் இந்த மாநிலக் கவுன்சில் சான்று தர வேண்டும். எல்லைக்கு அந்தப்பக்கமும் மனிதர்களுக்கு அதே எலும்புதான். ஆனால் சான்று இல்லாமல் அங்கே அவள் படிப்பு செல்லாது.

"நீ போயிட்டா படம் யாரும்மா எடுக்கிறது?" என்று சிரித்தார் ஈயச்சட்டை.

சிரித்த வாய் மூடுவதற்குள் புகார் போட்டுவிட்டார். நோயாளிக்குத் தேவையில்லாமல் இரண்டு முறை கதிர் செலுத்தினாளாம். பச்சைப் பொய். விசாரணைக்கு அவள் போய்க் காத்திருப்பாள். புகார் கொடுத்தவர் வரமாட்டார். காய்ச்சல். வாய்தா. அடுத்த முறையும் காய்ச்சல். கவுன்சிலுக்கே அலுத்துப்போய்ப் புகாரைத் தள்ளியபோது ஒரு வருஷம் கரைந்திருந்தது.

அவள் போய் இறங்கியதும் மகள் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அப்பா, அத்தை வந்திருக்காங்க."

அன்றைக்கு நெஞ்சில் விழுந்த கல்லை அவள் இறக்கி வைக்கவேயில்லை.

பிறகு பழைய தோழி போனில் சொன்னாள்: ஈயச்சட்டைக்கும் இப்போது அவள் இருக்கும் மாநிலத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலையாம். அவருக்கும் அதே சான்று வேண்டும். அவள் அப்போதே உட்கார்ந்து பழைய மாநிலக் கவுன்சிலுக்குப் புகார் எழுதினாள். டீ, படம், கையெழுத்து. கற்பனை தேவையே படவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் அவரே கூப்பிட்டார்.

"ஏம்மா, நாளைக்கு ஒரு நடை வந்துட்டுப் போயிடு. இல்லன்னா இந்த வேலை கைவிட்டுப் போயிடும்."

"எந்த வேலை சார்? டீ குடிக்கிறதா?"

"கிண்டல் பண்ணாதேம்மா. நீ வராட்டி வாய்தா போட்டுடுவாங்க."

"அது எனக்குத் தெரியாதா சார்?" அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஆனா லேசா சுடுதே. காய்ச்சல் வரும் போலருக்கு."

போனை வைத்தாள். கணவன் முகத்தைச் சுளித்தான்.

"விட்டுத் தொலையேன். நமக்குத்தான் எல்லாம் சரியாயிடுச்சே."

மகள் ஓடிவந்து அவள் நெற்றியில் கைவைத்தாள்.

"அம்மா, உனக்குக் காய்ச்சலே இல்லையே!"

"இருக்குடி," என்றாள் அவள். "ஒரு வருஷத்துக்கு இருக்கும்."