வயிற்றுப் பையோடு ஒரு மீன்காரம்மா

அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த மறுநாள் காலையில்தான் அந்த அம்மா தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை தட்டுப்பட்டது. நான் பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏ நர்சம்மா, இங்க வா. இன்னா ஒட்டி வெச்சிகிறீங்க என் வயித்துல?”

கடப்பாக்கத்தில் மீன் விற்பவர். ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் இறந்துவிட்டார், மகனும் மருமகளும்தான் துணை. வயிறு உப்பி, வாந்தி நிற்காமல் போனதால், மகன் செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு அழைத்து வந்திருந்தார். குடல் ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டு கறுத்துப்போயிருந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மீதிக் குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். மலம் இனி அந்த வழியாக வந்து பையில் விழும். சில மாதம் கழித்து இன்னொரு முறை வயிற்றைத் திறந்து, குடலை உள்ளே சேர்த்துவிடலாம். டாக்டர் இதையெல்லாம் மகனிடம் விளக்கித்தான் கையெழுத்து வாங்கினார். வலியில் நினைவு தப்பிக் கிடந்தவரிடம் சொல்ல வழியில்லை.

இப்போது நான் சொன்னேன். கேட்டு முடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என்னிய சாவ வுட்டிருக்கலாம்.”

வார்டில் இந்தப் பேச்சைப் பலரும் பேசுவார்கள். உடனே ஆறுதல் சொன்னால் எரிச்சல்தான் வரும் என்பது எனக்கு அனுபவம். குளுக்கோஸ் சொட்டுகிற வேகத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அன்று மதியம் பை ஒரு ஓரமாகப் பிரிந்து படுக்கை நனைந்துவிட்டது. வார்டு முழுவதற்கும் நானும் இன்னொரு நர்சும்தான் இருந்தோம். அவர் ஒரு நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தார். நான் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தவரின் பக்கத்தை விட்டு நகர முடியாத நேரம். அப்போது பார்த்து மகன் வந்துவிட்டார்.

“ஒரு பைய ஒழுங்கா ஒட்டத் தெரில, இதுக்கு எதுக்கு வெள்ள டிரஸ்ஸு?” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். காலருகே இருந்த எவர்சில்வர் பேசினை எட்டி உதைத்தார். அது உருண்டுபோய்க் கதவில் மோதி நின்றது.

“தள்ளி நில்லுங்க தம்பி. அம்மாவுக்குத் துணி மாத்தணும்,” என்றேன்.

திரையை இழுத்துவிட்டு வேலையை முடித்தேன். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் அவர் குத்துக்காலிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபம் எனக்கும் இருந்தது. அன்றைய டியூட்டி முடியும்வரை அது போகவில்லை.

இப்போதெல்லாம் நாங்கள் செய்யும் ஒவ்வொன்றையும் கணினியில் பதிய வேண்டும். காய்ச்சல், ரத்த அழுத்தம், மாத்திரை கொடுத்த நேரம் என எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. தன் வயிற்றையே பார்க்க மறுக்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சுவதற்குக் கட்டம் கிடையாது. டியூட்டியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போகும் முன் அந்தக் கட்டிலுக்குப் போவேன். பையைக் கழற்றி, தோலை வெந்நீரால் துடைத்து, புதுப் பையை ஒட்டிக் காட்டுவேன். மருமகள் கவனமாகப் பார்ப்பார். அந்த அம்மா மட்டும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கேட்டார். “உனக்கு அருவருப்பா இல்ல?”

“படிக்கிறப்ப இருந்துச்சு. முதல் தடவ வெளிய ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். இப்ப இல்ல.”

“எப்டிப் போச்சி?”

“தெரியலமா. பழகிடுச்சு.”

பதில் அவருக்குப் போதவில்லை. எனக்கும்தான். ஆனால் பொய் சொல்லவில்லை.

கட்டில் தேவைப்பட்டதால் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பினோம். முதல் முறை தையல் பார்க்க வந்தவர், அடுத்த முறை வரவில்லை. மருமகளிடம் என் எண் இருந்தது. அவரே ஒருநாள் கூப்பிட்டார்.

“அக்கா, அத்த சரியாவே துன்னறது இல்லக்கா. கஞ்சித் தண்ணியோட நிறுத்திக்கிறாங்க. எலும்பா கீறாங்க.”

சாப்பிட்டால்தானே பை நிறையும். அதனால் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பை வைத்தவர்களில் சிலர் இப்படிச் செய்வது எங்களுக்குத் தெரிந்ததுதான். போனில் பேசித் தீராது என்று தோன்றியது. நான் இருப்பது படாளம். விடுமுறை நாளில் மதுராந்தகம் போய், அங்கிருந்து செய்யூர் வழியாகக் கடப்பாக்கம் பஸ் பிடித்தேன். நோயாளியின் வீட்டுக்குப் போவது என் வழக்கமில்லை. போகிற வழியில் இது தேவையா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று. உள்ளறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

“இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்த?”

“பசிக்குது. சோறு இருக்கா?”

மருமகள் காரப்பொடி என்கிற சின்ன மீனில் குழம்பு வைத்திருந்தார். தட்டில் போட்டுக்கொண்டு அந்த அம்மாவின் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்கு உண்மையாகவே பசி.

“முள்ள பாத்துத் துன்னு,” என்றார். கொஞ்ச நேரம் பொறுத்து மருமகளிடம், “எனக்கும் ரெண்டு வாய் போடு.”

இரண்டு வாய் என்றவர் தட்டைக் காலி செய்தார். கை கழுவிவிட்டு உட்கார்ந்த சிறிது நேரத்தில் முகம் மாறியது.

“வருது. வருது பாரு. இதுக்குத்தான் நான் துன்னறது இல்ல.”

“வரட்டும்மா. நிறைஞ்சதும் நீங்களே மாத்துங்க. நான் பக்கத்துல இருக்கேன்.”

“நானா?”

“ஆமா.”

மருமகள் எழுந்தார். வேண்டாமென்று கைகாட்டினேன். அந்த அம்மா என்னை முறைத்தார். பிறகு புடவையை விலக்கி, முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். பையை ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரிக்கச் சொன்னேன். பிரித்தார். வெளியே தைத்திருந்த குடல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செவப்பா கீது. கோழிக் கொண்ட மாதிரி.”

“அப்படித்தான் இருக்கணும். கறுத்தாத்தான் ஆபத்து.”

“தொட்டா வலிக்குமா?”

“வலிக்காது. தொட்டுப் பாருங்க.”

ஒரு விரலால் தொட்டார். உடனே எடுத்துவிட்டார். மறுபடி தொட்டார். புதுப் பையை ஒட்ட வெகுநேரம் ஆனது. கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டினார். நான் கை வைக்கவில்லை.

புடவையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டுப் பெண் ஐஸ் பெட்டி கேட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அந்த அம்மா உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். வந்தவர் அவர் தோளை ஒட்டி உட்கார்ந்து, வஞ்சிரம் வராதது, படகு எஞ்சின் ரிப்பேர் என்று நிதானமாகப் பேசி முடித்து, ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

“அவுளுக்கு ஒண்ணும் தெர்ல.”

“தெரியாதுமா. சரியா ஒட்டினா வாசனை வராது.”

“நீ சொன்ன. என் மருமவளும் சொன்னா. நான் நம்பல. அவ மோப்ப நாயிமா, மீன் நேத்து புடிச்சதா இன்னிக்குப் புடிச்சதான்னு தூரத்துலர்ந்து சொல்லுவா.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

மழைக்காலம் முடிந்த பிறகு, கல்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது அவரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பார்த்தேன். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து மீன் விற்க, இவர் மட்டும் கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். கீழே உட்கார்ந்தால் முழங்கால் பையில் இடிக்கிறது என்று மருமகள் போனில் சொல்லியிருந்தார். பேரம் பேசிய ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தார். உடம்பு தேறியிருந்தது. பஸ் நிற்கவில்லை, நானும் இறங்கவில்லை.

குடலை உள்ளே சேர்க்கும் அறுவைக்கு டாக்டர் நாள் குறித்தார். அந்த அம்மா வந்தார். ஆனால் வேண்டாமென்று சொல்ல வந்திருந்தார்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, “நீங்க சொன்னா கேப்பாங்க. பேசிப் பாருங்க,” என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். மறுபடி பழையபடி ஆகிவிடலாம், ஆனால் மறுபடி பெரிய அறுவை, கொஞ்ச நாள் படுக்கை, சில ஆபத்துகளும் உண்டு என்று இரண்டு பக்கமும் சொன்னேன்.

“நீயா இருந்தா இன்னா பண்ணுவ?”

“நான் செஞ்சுக்குவேன்.”

“நீ செஞ்சிக்கோ,” என்றார். “எனக்கு இது பழகிப்போச்சி. இன்னொரு வாட்டி வயித்தக் கிழிச்சி, எந்திரிக்கிறனோ இல்லியோ. போதும்மா.”

டாக்டருக்கு வருத்தம். எனக்கு ஏமாற்றமே. அந்தத் துளை மூடி, வெறும் தழும்பாக இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஆசை இருந்திருக்கிறது. வேலை முழுமையாக முடிந்தது என்று எனக்குக் காட்டுவது அதுதான். ஆனால் வயிறு அவருடையது. சம்மதமில்லை என்று கணினியில் பதிந்தேன். அதற்கு ஒரு கட்டம் இருந்தது.

என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அங்கே இந்தப் பைகளைக் கவனிப்பதற்கென்றே தனி நர்சுகள் உண்டாம். இங்கே எனக்கு அப்படி ஒரு பதவி கிடையாது. பை வைத்தவர்கள் வந்தால் வார்டிலிருந்து என்னைக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் மீன் ஏலச் சத்தம்.

“இங்க ஒருத்தி கீறா. மரக்காணத்துக்காரி. இவுளுக்கும் இதேதான். வெளிய சொல்லாம துணியக் கட்டிக்கினு ஓட்டிக்கினு கீறா. நான் மோப்பம் புடிச்சிட்டேன். தோ, அவுளாண்ட பேசு.”

போன் கைமாறியது. அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, தோல் எரிகிறதா என்று கேட்டேன்.