எதுவும் தங்காத பெட்டி

சாயிரா பானுவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. உலை கொதிக்கும்போது வாசலுக்குப் போவாள். வாசலில் நிற்கும்போது உள்ளே கம்ப்யூட்டர் என்ன செய்கிறதோ என்று திரும்பி ஓடுவாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சோறு குழைந்துவிடும் என்று பதறி எழுவாள். "உன்கூட இருந்தா எனக்கே கால் வலிக்குது" என்பான் கணவன் தாஹா. அவன் கும்மிடிப்பூண்டி பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்தான். நாளெல்லாம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற மனுஷன். அவனுக்கு என்ன தெரியும்!

அந்த 2004இல் அவள் தவிப்புக்கு உண்மையாகவே காரணம் இருந்தது. கம்ப்யூட்டர் சாகக் கிடந்தது.

அதன் பெயர் அமிகா. கீபோர்டும் மூளையும் ஒரே உடம்பாகச் சேர்ந்த, மஞ்சள் பாரித்துப்போன பிளாஸ்டிக் பெட்டி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவள் அண்ணன் கமால் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கல்யாண வீடியோவில் பெயர் போட, ரோஜாப்பூ பறக்கவிட அப்போது அதை அடிக்க ஆளில்லை. கமால் கொஞ்ச நாள் அதை வைத்துப் பிழைத்தார், பிறகு மறுபடி சிங்கப்பூருக்கே போய்விட்டார். பெட்டி தங்கையிடம் தங்கியது. அதில் தமிழ் எழுத்தே கிடையாது. மவுஸைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படம் வரைந்து சேர்த்தவள் சாயிராதான். 'ஸ்ரீ' வரைவதற்குள் அவள் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும்.

ஆனால் ரோஜாப்பூவுக்காக யாரும் அவளைத் தேடி வரவில்லை. பழவேற்காடு, பொன்னேரி, ஆரணி, கும்மிடிப்பூண்டி என்று சுற்றுவட்டாரத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் கேமராக்காரன் போக முடியாது. மருதாணி போடுகிற சாயங்காலம் பெண்கள் தலைத்துணி நழுவுவதைப் பற்றிக் கவலைப்படாமல் பாடுவார்கள், ஆடுவார்கள், மாமியாரைக் கிண்டல் செய்வார்கள். அதை ஒரு பெண்தான் படம் பிடிக்க வேண்டும், பெண்கள் மட்டும்தான் பார்க்க வேண்டும். சாயிராதான் பிடிப்பாள். பெயர் சேர்க்கும்போது பெண்ணின் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். ஒரு வீசியாரில் கேமரா டேப் ஓடும், அமிகா அதன்மேல் பெயரையும் பூவையும் போடும், அடுத்த வீசியாரில் புது டேப் பதிவாகும். முடிந்ததும் இரண்டு டேப்பையும் அம்மாவே துணியில் சுற்றி எடுத்துப்போவார்.

போகும்போது எல்லா அம்மாக்களும் ஒரே கேள்வி கேட்பார்கள். "பொட்டில எதுவும் இல்லயே?"

சாயிரா பெட்டியை அணைத்துப் போடுவாள். பிளாப்பியைக் கேட்டு ஒரு கை நீட்டுகிற படம் திரையில் வரும். "பாருங்க ராத்தா, கைய நீட்டிக்கினு நிக்குது, வயித்துல ஒண்ணுமில்ல. இதுல எதுவும் தங்காது" என்பாள். அது சத்தியமான வார்த்தை. படம் அந்தப் பெட்டி வழியாக ஓடும், தங்காது. அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் பிழைப்பே நின்றது.

இப்போது அந்தப் பெட்டி நடுவில் நடுவில் திரையைப் பச்சையாக்கியது, தானாக அணைந்தது. உள்ளே சில்லுகள் இளகிவிட்டால் பெட்டியை லேசாகத் தூக்கி மேஜைமேல் டொப்பென்று போட வேண்டும் என்று கமால் போனில் சொல்லியிருந்தார். அவளும் போட்டுப் போட்டுப் பார்த்தாள். இன்னும் எத்தனை நாளைக்குத்தான் அதை அடித்து எழுப்புவது? செய்த கம்பெனியோ பத்து வருஷத்துக்கு முன்பே மூடப்பட்டிருந்தது. மெட்ராஸில் ரிச்சி தெருவில் உதிரிபாகம் கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

சிப்காட் போகிற சாலையில் பரத் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். சாயிரா வாரா வாரம் அங்கே போய் நின்றாள். வெளிநாட்டில் இந்தப் பெட்டிமேல் பைத்தியமாக இருக்கிறவர்கள் எழுதிக்கொள்கிற பக்கத்தைப் பரத் திறந்து படித்துச் சொல்வார்.

"அக்கா, புதுசா ஒண்ணு வருதாம். புது சிஸ்டம், புது போர்டு."

"எப்ப வருதாம்?"

"சீக்கிரம்னு போட்டுகிறாங்க. கீழயே ஒருத்தரு, இதெல்லாம் வேலைக்காவாது, மூட்டை கட்டி வைங்கன்றாரு. அவரத் திட்டி நாப்பது பேரு எழுதிக்கிறாங்க."

"சண்டைய உடுங்க தம்பி. வருமா, வராதா?"

"அதத்தாங்கா அவங்களும் கேட்டுக்கினு இருக்காங்க."

எங்கோ ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் உட்கார்ந்துகொண்டு தன்னைப் போலவே சிலர் தவிக்கிறார்கள் என்பது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அவர்களுக்கு அது ஆசை. இவளுக்குச் சோறு.

பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த பூவராகவன் ஒருநாள் தாஹாவின் கடைக்கே வந்து சொன்னார். ஆரணிப் பக்கம் நெல்வயல் உள்ள குடும்பத்து ஆள். வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கேமராவைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் பெரிசு.

"தாஹா பாய், புதுசா எடிட்டிங் கம்ப்யூட்டர் எறக்கிட்டேன். இனிமே எவனும் கேசட்டு கேக்க மாட்டான், எல்லாம் சிடிதான். உங்க ஊட்டுக்காரம்மா கைக்கு அந்தப் பொட்டி இன்னாத்துக்கு? இங்க வந்து உக்காரச் சொல்லுங்க. மாட்டேன்னா சொல்லிடுங்க, மெட்ராஸ்ல படிச்ச பொண்ணு சந்திரகலான்னு ஒண்ணு கேட்டுக்கினு இருக்குது."

சாயிரா இரண்டு நாள் அடுப்புக்கும் அமிகாவுக்கும் நடுவில் நடந்தாள். மூன்றாம் நாள் பெட்டி பச்சையாகி அணைந்தது, எத்தனை முறை டொப்பென்று போட்டும் எழவில்லை. சாயங்காலம் தானாக எழுந்தது. அதை நம்பி எந்தக் கல்யாண வேலையை ஒப்புக்கொள்வது? "சரி, வர்றேன்னு சொல்லுங்க" என்றாள். ஆனால் அறைக்குத் திரை போட வேண்டும், பெண்கள் டேப் ஓடும்போது யாரும் உள்ளே வரக்கூடாது என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பூவராகவன் திரை என்ன, கதவுக்குத் தாழ்ப்பாளே போட்டுக்கொடுத்தார்.

முதலில் வந்தது பள்ளிவாசல் தெரு ஜபீன் வீட்டுக் கல்யாணம். அரிசி மண்டிக் குடும்பம். மூத்த பெண் அஃப்ஸானாவின் மருதாணிச் சாயங்காலத்தில் அந்தப் பெண் ஆடினாளே ஓர் ஆட்டம், யப்பா! கேமராவைப் பிடித்திருந்த சாயிராவுக்கே கால் துறுதுறுத்தது. ஜபீன் வழக்கம்போல ஸ்டூடியோவுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புது கம்ப்யூட்டரில் வேலை வெண்ணெயாக ஓடியது. கல்யாணப் பெண்ணின் பெயரைத் தட்டினால் தமிழில் அதுவாகவே வந்தது. வரையக்கூட வேண்டாம். சாயிராவுக்கு ஒரு பக்கம் பூரிப்பு, ஒரு பக்கம் தான் வரைந்து சேர்த்த எழுத்தெல்லாம் வீணா என்ற வருத்தம். வேலை முடிந்து டேப்புகளைத் துணியில் சுற்றும்போது ஜபீன் கேட்டார்.

"பொட்டில எதுவும் இல்லயே?"

"இதுல எதுவும் தங்காது ராத்தா" என்றாள் சாயிரா.

பன்னிரண்டு வருஷமாகச் சொன்ன வாய். அது யோசிக்கவில்லை. ஜபீனும் நிம்மதியாகப் போய்விட்டார்.

வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. தங்காதா? இந்தக் கம்ப்யூட்டரில் படத்தை முழுசாக உள்ளே ஏற்றிவிட்டல்லவா வேலையே தொடங்குகிறது! கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஸ்டூடியோ பூட்டியிருந்தது. பூவராகவன் ஊருக்குப் போயிருந்தார், விடிந்தால்தான் வருவார்.

"காத்தால போய் அழிச்சிடு. அதுக்குள்ள யாரு பாக்கப் போறாங்க?" என்றான் தாஹா. அவன் சொன்னது நியாயம்தான். நியாயம் யாருக்குத் தூக்கம் தந்தது?

காலையில் அவள் பஜாருக்குள் நுழையும்போது ஸ்டூடியோவுக்கு எதிரே, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் ஆண்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டூடியோ கண்ணாடிக்குப் பின்னால் பெரிய டிவி ஓடியது. அதில் அஃப்ஸானா ஆடிக்கொண்டிருந்தாள். தலைத்துணி தோளில் கிடந்தது. சுற்றிலும் பூ பறந்தது, ஓரத்தில் 'பூவராகவன் டிஜிட்டல்' என்று தங்க எழுத்து சுழன்றது.

"யா அல்லா!" என்று அவள் போட்ட கூச்சலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் விலகினார்கள். உள்ளே பாய்ந்து ஒயரைப் பிடுங்கினாள். டீ கிளாஸோடு வந்த பூவராகவன் மிரண்டுபோனார்.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

"யாரக் கேட்டு போட்டீங்க? அது பொம்பளைங்க பாக்கறது! உங்களுக்கு அறிவு கீதா?"

"விடியக்காலம் வந்து தொறந்து பாத்தேன், அழகா இருக்குதேன்னு போட்டேன்மா. புது மிஷின் வேலைய ஊரு பாக்கட்டும்னு... சத்தியமா தப்பா நினைக்கல. என் பொண்ணு மாதிரிதான் நினைச்சேன்."

"உங்க பொண்ணு படத்தப் போட்டிருக்கலாமில்ல!"

அவருக்கு முகம் செத்துப்போனது. உடனே கம்ப்யூட்டரைத் திறந்து அவள் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தார். "போயிடுச்சா?" என்று கேட்டாள். "போயிடுச்சு" என்றவர் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாத ஆள். "தெரிஞ்சவன் யாராச்சும் தோண்டினா எடுத்துடலாம்னு சொல்றாங்க." சாயிரா அந்தக் கம்ப்யூட்டரைக் காட்டிக் கையை நீட்டினாள். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஹார்டு டிஸ்க்கையே கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு நடந்தபோது செருப்புக் கடையிலிருந்து தாஹா இறங்கி ஓடி வந்தான். அவனுக்குச் சேதி எட்டிவிட்டது.

"எங்க போற?"

"ஜபீன் ராத்தா ஊட்டுக்கு."

"பைத்தியமா உனக்கு? பஸ்ஸுக்கு நின்னவன் எவனும் நம்ம தெரு இல்ல, அவனுக்கு அது யாரு பொண்ணுன்னு தெரியாது. நீயா போய்ச் சொன்னா அத்தோட ஒரு ஊட்டுலயும் உன்னச் சேக்க மாட்டாங்க. உன் தொழில் போச்சு."

"தெரியும்" என்றாள். "தங்காதுன்னு நான் சொன்னேங்க. அந்தம்மா நம்பிக்கினு போயிட்டாங்க. இனிமே வேற ஊட்டுல அந்த வார்த்தைய எந்த வாயால சொல்வேன்?"

ஜபீன் வாசல் படியில் வெயிலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். சாயிராவை உள்ளே கூட்டிப்போனார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்ததையும் சேர்த்து. முந்தானையை அவிழ்த்து டிஸ்க்கைத் தரையில் வைத்தாள்.

"இதுலதான் ராத்தா தங்கிப்போச்சு."

ஜபீனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "அடிப்பாவி! என் பொண்ண நடு பஜார்ல ஆட உட்டியாடி!" என்று கத்திக்கொண்டே சமையலறைக்குப் போனவர் அம்மிக் குழவியோடு திரும்பி வந்தார். சாயிரா தன்னைத்தான் அடிக்கப் போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். குழவி டிஸ்க்கின்மேல் விழுந்தது. டிஸ்க் வழுக்கிச் சுவரோரம் ஓடியது. ஜபீன் விடவில்லை, துரத்தித் துரத்தி அடித்தார். அது நசுங்கி, உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளத்த தகடு வளைந்து வெளியே வந்தது. அப்புறம் குழவியை உருட்டிவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து அழுதார். சாயிராவும் நின்றபடியே அழுதாள்.

அழுது ஓய்ந்ததும் ஜபீன் கேட்டார். "நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது ராத்தா."

ஜபீன் மூக்கைச் சிந்தினார். உடைந்த தகட்டைப் பார்த்தார், சாயிராவைப் பார்த்தார்.

"சின்னவளுக்கு தை மாசம் வச்சிருக்குது. நீதான் வந்து எடுக்கணும்."

சாயிராவுக்குக் காதை நம்ப முடியவில்லை. சந்தோஷப்படக்கூட நேரமில்லாமல் பழைய பதற்றம் பிடித்துக்கொண்டது. மளமளவென்று கொட்டினாள். "அந்தப் பழைய பொட்டி அதுவரைக்கும் உசுரோட இருக்குமான்னு தெரியல ராத்தா. பச்சையாவுது, தானா நின்னுடுது. புதுசு வருதுன்றாங்க, வராதுன்றாங்க. ஜெர்மனிக்காரனுக்கே தெரியல. அது செத்துப்போச்சுன்னா நான் எத வச்சி பேரு போடுவேன், பூ போடுவேன்?"

"பேரா?" ஜபீனுக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது. "யாருடி கேட்டா உன் பேர? எழுதிக் காட்டினாத்தான் என் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியுமா? கேமராவுல இருந்து எடுத்து அப்படியே குடு, போதும். கேமராவ நீ புடிக்கணும், அவ்ளோதான்."

இத்தனை நாள் ராத்திரி பகலாக அந்தப் பெட்டிக்காக ஓடியது, பரத்தைப் பிடுங்கி எடுத்தது, எல்லாம் ஒரு நிமிஷம் கண் முன்னால் வந்து போனது. சாயிரா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜபீன் எழுந்து டீ போடப் போனார். கிளாஸை அவள் முன்னால் ணங்கென்று வைத்தார்.

"குடி. ஆனா என் கோவம் இன்னும் போவல, சொல்லிட்டேன்."