கட்டைவிரல் அறிந்த காசு

அந்தக் காசில் இருந்த ராணிக்கு இரண்டு மூக்கு. அச்சடிக்கும்போது காசு ஒரு மயிரிழை நகர, அச்சு இரண்டாம் முறையும் அதன்மேல் விழுந்திருக்கிறது. சும்மா பார்த்தால் தெரியாது. போஸ்ட்மாஸ்டர் தன் பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் தெரிந்தது: ஒரு மூக்குக்குப் பின்னால் நிழலாக இன்னொரு மூக்கு. எனக்கு உடம்பு லேசாகக் கூசியது. அவருக்கோ வாயெல்லாம் பல். “எத்தனையோ காசு அடிக்கையில ஒண்ணு இப்படித் தப்பிரும் தம்பி. அந்த ஒண்ணு நம்ம கரிசக்காட்டுல வந்து கெடந்திருக்கு பாருங்க” என்றார்.

எழுபதுகளின் கடைசியில் விளாத்திகுளம் பக்கம் ஒரு சின்ன அஞ்சலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். அவர் போஸ்ட்மாஸ்டர். அலுவலகத்தின் பின்கட்டில்தான் அவர் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பிஸ்கட் டப்பாவைத் திறந்து உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு மூன்று முறை கூப்பிட வேண்டும். டப்பாவுக்குள் துணி விரித்து வரிசையாகக் காசுகள். மீன் பொறித்த செம்புக் காசு, ஓட்டைக் காலணா, ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய்கள். ஒவ்வொன்றையும் ஓரத்தில் மட்டும் பிடித்து எடுப்பார். வேறு எதிலும் கறார் இல்லாத மனிதர், ஒன்றில் மட்டும் பிடிவாதம்: காசைக் கழுவக் கூடாது, துடைக்கவும் கூடாது. அழுக்கு போனால் அதன் வயதும் போய்விடும் என்பார். “பேசாம நீங்களும் குளிக்காம இருந்து பாருங்க சார், மதிப்பு கூடும்” என்று நான் கிண்டல் செய்வேன். எனக்கு அப்போது பொழுதுபோக்கு என்று எதுவும் இல்லை. லீவு நாளில் பேப்பரை முகத்தில் கவிழ்த்துத் தூங்குவேன். ஒரு மனிதன் தனக்காக மட்டும் ஒன்றை வைத்துக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்பதை அவரிடம்தான் முதலில் பார்த்தேன். கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

இரண்டு மூக்கு ராணியைக் கொடுத்தவர் நாகலாபுரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரைச் சேர்ந்த சம்சாரி, சொந்தக் காடு உழுகிறவர். பட்டாளத்தில் இருந்த மகன் அனுப்பும் மணியார்டருக்காக மாதம் ஒருமுறை வருவார். கவுன்டரில் நிற்கும்போது மடியிலிருந்து அந்தக் காசை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே பேசுவார். அவருடைய அப்பா உழும்போது கொழுமுனையில் தட்டுப்பட்ட காசாம். போஸ்ட்மாஸ்டர் ஒருநாள் அதை வாங்கிப் பார்த்தார். அதன்பிறகு ஒரு வருஷம் அவரை விடவில்லை. நச்சரிப்பு தாங்காமல் பெரியவர் ஒருநாள் கொடுத்தேவிட்டார். விலை எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. “வச்சிக்கிடுங்க சார். எனக்கு வேணும்னு தோணும்போது வந்து வாங்கிக்கிடுதேன்” என்றார். போஸ்ட்மாஸ்டர் சரி சரி என்று தலையாட்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கோடையில், காலை முதல் பஸ்ஸில் பெரியவரின் மகள் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அப்பா பதினோரு நாளா இழுத்துக்கிட்டு கெடக்காவ சார். பால் ஊத்தியாச்சு, எங்க காட்டு மண்ணக் கரைச்சு ஊத்தியாச்சு. போவ மாட்டேங்காவ. அந்தக் காசக் குடுங்க. கழுவி, அந்தத் தண்ணிய ஊத்திட்டு, பத்திரமாக் கொண்டாந்து தந்திருதேன்.”

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். உயிர் பிரியாமல் கிடப்பவருக்கு எதன்மேலோ ஆசை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். நிலத்தின்மேல் என்றால் அந்த மண்ணைக் கரைத்து வாயில் விடுவார்கள். காசின்மேல் என்றால் காசைக் கழுவிய தண்ணீர். ஆசை உள்ளே இறங்கிவிட்டால் உயிர் வெளியே வந்துவிடும்.

போஸ்ட்மாஸ்டர் உள்ளே போனார். டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அதன்பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்து ஒரு வெள்ளி ரூபாயை அவள் கையில் வைத்தார். ஞாயிறுதோறும் அந்த டப்பாவைப் பார்த்துப் பழகியவன் நான். அது அந்தக் காசு இல்லை. அதே ராணி, அதே அளவு, அவரிடம் ஏழெட்டு இருந்த சாதாரண ரூபாய். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. சாகக் கிடப்பவருக்கு எந்தக் காசாக இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவள் திரும்பி வந்து, அந்த ரூபாயைக் கவுன்டரில் வைத்தாள்.

“தண்ணி உள்ள எறங்கல சார். கடவாய் வழியா வந்திருது. கையிலயாவது இருக்கட்டும்னு வச்சோம். பெருவெரலால ஒரு தடவ தேச்சாவ. கீழ போட்டுட்டாவ. மூணு தடவ வச்சோம் சார், மூணு தடவயும் போட்டுட்டாவ. கண்ணு தெரியல, பேச்சு இல்ல. வேற காசுன்னு நெனச்சிட்டாவளோ சார்?”

அவள் எங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டாள்.

போஸ்ட்மாஸ்டர் தபால்காரரைக் கவுன்டரில் உட்காரச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார். “நீங்களும் வாங்க தம்பி” என்றார். அவருக்குத் தனியாகப் போகத் தைரியம் இல்லை. பஸ்ஸில் சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே வந்தார். வழியெல்லாம் பருத்தி எடுத்த காடுகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன.

பெரியவர் நார்க்கட்டிலில் கிடந்தார். உடம்பில் எதுவும் அசையவில்லை, வலது கையைத் தவிர. கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே இருந்தது. இல்லாத ஒரு காசை. ராத்திரி பகலாக இப்படித்தான் என்றாள் மகள். போஸ்ட்மாஸ்டர் தரையில் உட்கார்ந்து, செம்பில் தண்ணீர் கேட்டு வாங்கினார். எந்தக் காசிலும் விரல்ரேகை பட விடாதவர், அந்தக் காசைத் தண்ணீருக்குள் போட்டு இரண்டு கையாலும் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் லேசாகக் கறுத்தது. மகள் சங்கில் எடுத்து ஊற்றினாள். தொண்டை ஏறி இறங்கியது. காசை உள்ளங்கையில் வைத்தார்கள். கட்டைவிரல் ராணியின் முகத்தின்மேல் ஒருமுறை போய் வந்தது, நின்றது. அப்புறம் அந்தக் கை காசை இறுக மூடிக்கொண்டது. வெயில் தாழ்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூடிய விரல்களைப் பிரித்துக் காசை எடுத்து நெற்றியில் வைத்தார்கள். மகள் அதைத் திருப்பித் தர வந்தபோது போஸ்ட்மாஸ்டர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். காசு பெரியவரோடேயே போயிற்று. திரும்பும்போது பஸ்ஸில், “கழுவினாக் கெட்டுப்போகும்னு நெனச்சேன் தம்பி, வேற ஒண்ணும் இல்ல” என்றார். மூன்று நாள் ஒரு மனிதரைப் பிடித்துவைத்ததில் எனக்கும் பங்கு இருந்தது. அதற்குப் பிறகும் போஸ்ட்மாஸ்டர் காசு சேர்த்தார். ஆனால் யார் எதைக் கொண்டுவந்தாலும், “இது உங்க வீட்ல யாருக்காவது பிரியமான காசா?” என்று கேட்ட பிறகே கையில் வாங்குவார்.

எண்பதுகளின் நடுவில் என் அம்மா கோவில்பட்டி வீட்டில் படுத்தாள். பேச்சு போய், கண் நிலைகுத்தி, பன்னிரண்டு நாள் ஆகியும் உயிர் பிரியவில்லை. அம்மாவின் விரல்களும் அசைந்தன. வலது கையின் மூன்று விரல்கள் எதையோ பிடித்து, மெல்லத் திருப்பி, விட்டன. மறுபடி பிடித்தன. பார்த்ததும் எனக்கு அந்த நார்க்கட்டில் ஞாபகம் வந்தது. அம்மா காலமெல்லாம் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குச்சி அடுக்கியவள். அதுதான் என்று குச்சியைக் கையில் கொடுத்தேன், கீழே போட்டாள். தங்கை பூவும் நாரும் கொடுத்தாள், போட்டாள். தாலிச்சங்கிலியைக் கழுவி ஊற்றினோம், பிறந்த ஊர் மண்ணைக் கரைத்து ஊற்றினோம். கடவாயில் வழிந்தது. “கடம்பூர் போளின்னா அம்மாவுக்கு உசிரு” என்று தங்கை பாலில் ஊறவைத்துக் கொண்டுவந்தாள். “ஏட்டி, அது நமக்குப் பிடிக்கும்னு வாங்குனது. அம்மா திங்கவே மாட்டா” என்று அண்ணன் எரிந்து விழுந்தான்.

எனக்கு வேறு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஓய்வுபெற்றுக் கோவில்பட்டியிலேயே குடியிருந்த போஸ்ட்மாஸ்டரை அழைத்துவந்தேன். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் காசைப் பார்ப்பது போல அம்மாவின் விரல்களை வெகுநேரம் பார்த்தார்.

“காசு இல்ல தம்பி. வேற ஏதோ சின்னச் சாமான். திருப்புதாக பாருங்க... அம்மாவுக்குன்னு, ஒத்தையில இருக்கும்போது ஆசையா எடுத்து வச்சுப் பார்க்கது ஏதாவது இருந்துதா?”

நாங்கள் மூன்று பிள்ளைகளும் நாற்பது வருஷம் அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறோம். அவள் எங்கள் எதிரில் எதையும் தனக்காகக் கையில் எடுத்ததில்லை. நாங்கள் வெளியே போன பிறகு என்ன செய்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கே டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தோம், அரிசிப் பானைக்குள் கைவிட்டோம், சாமி படங்களுக்குப் பின்னால் தேடினோம். பொத்தான், சோழி, நூல்கண்டு, சாவி, உடைந்த வளையல் என்று ஒவ்வொன்றாக அந்த விரல்களுக்கு இடையில் வைத்தோம். ஒவ்வொன்றையும் ஒருமுறை திருப்பிவிட்டுக் கீழே போட்டாள். பத்தொன்பதாம் நாள் மத்தியானம், அடுத்து எதைக் கொடுப்பது என்று நாங்கள் முற்றத்தில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது உயிர் போயிற்று. உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று விரல்களும் பாதி திருப்பியபடி நின்றிருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை.

எனக்கு இப்போது அம்மாவின் அந்த வயது ஆகிவிட்டது. வீட்டில் யாரும் இல்லாத பகலில் என் மூன்று விரல்களைச் சேர்த்து, பிடித்து, மெல்லத் திருப்பி, விட்டுப் பார்க்கிறேன். அந்த இடைவெளியில் சரியாகப் பொருந்துகிற பொருள் எது என்று இன்னும் தெரியவில்லை.