முதல் டம்ளர் ரோஸ் மில்க்

ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால் சங்கரன்கோவிலில் நடக்க இடமிருக்காது. ரத வீதியில் மாமா வைத்திருந்த சிறிய கடையில் அந்த நாட்களில் வெற்றிலை பாக்கு பின்னுக்குப் போய், ரோஸ் மில்க் முன்னுக்கு வந்துவிடும். அந்த வருடம் மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அத்தை உண்டாகியிருந்தாள், ஏழாம் மாதம். கடைக்குள் மின்விசிறிக்கு நேரே அவளை உட்கார வைத்திருந்தார். விசிறிதான் சுற்றவில்லை. காலையில் போன கரண்ட் மதியம் வரை வரவில்லை.

ஃப்ரிட்ஜுக்குள் பால் பாக்கெட்டுகள் குளிர்ச்சி விட்டுப்போய்க் கிடந்தன. மாமா ஒன்றை வெட்டி மோந்து பார்த்தார். கெட்ட வாடை இல்லை.

“ஒரு கொதி கொதிக்க வச்சிருவோமா?” என்றாள் அத்தை.

“பாக்கெட் பாலைக் கம்பெனிலயே காய்ச்சித்தாம்ட்டி அனுப்புதான். நீ காய்ச்சி ஆறவைக்கதுக்குள்ள தபசே முடிஞ்சிரும்” என்று மாமா சிரித்தார். விலைக்கு வாங்கிவந்த ஐஸைத் தட்டிப் போட்டுக் கலந்து, முதல் டம்ளரை அத்தையிடம் நீட்டினார். அடுத்தது, அம்மாவோடு தபசுக்கு வந்திருந்த எனக்கு. யாருக்கு நாக்கு அதிகம் சிவந்திருக்கிறது என்று நானும் அத்தையும் நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் எனக்கு வயிற்றுப்போக்கு. உப்பும் சீனியும் கலந்த தண்ணீரிலேயே நின்றுவிட்டது. அத்தைக்கு நிற்கவில்லை. வாந்தியும் காய்ச்சலுமாகத் துவண்டவளைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா என்னையும் கூட்டிப் போனாள். காய்ச்சாத பால் ஏதும் குடித்தாளா என்று டாக்டரம்மா கேட்டார்.

“நாந்தான் குடுத்தேன். மோந்து பாத்துட்டுத்தான் குடுத்தேன்” என்றார் மாமா.

“கிருமி இருந்தா வாடையில தெரியாது அண்ணாச்சி.”

அத்தை பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை. மாமா பால் விற்பதையே விட்டுவிட்டார். யாராவது ரோஸ் மில்க் கேட்டால், “இங்கன கிடையாது வே” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அடுத்த லீவுக்கு நான் போனபோது, அத்தை காலையில் பாலை அடுப்பில் வைத்தவள் இறக்கவேயில்லை. பொங்கியது, அடங்கியது, மறுபடி பொங்கியது. வாசற்படியில் நின்று மாமா, “போதும்ட்டி” என்றார், உள்ளே வரவில்லை. பால் சுண்டி நிறம் மாறிய பிறகும் அவள் கிண்டிக்கொண்டே நின்றாள். எனக்குத் திரட்டுப்பால் கிண்டுகிறாள் என்று நினைத்து, ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

“சீனி போடலியா அத்தே?” என்று கேட்டேன்.