மற்றவர்களின் படங்களில் வந்த கவிஞர்

சனிக்கிழமை பின்னேரம் மூன்றே கால் மணி. வரிசையாகப் போட்ட நாற்காலிகள் வெறுமையாக இருந்தன. மண்டபத்தில் நான், என் மகள், பின்வரிசையில் அவளுடைய பேராசிரியை. வேறு ஒருவரும் இல்லை.

பாரிஸுக்குப் பக்கத்தில், சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்கும் மகள் தன் முதல் படத்தைக் காட்டவிருந்தாள். போரை எதிர்த்து, ஊரோடு ஒத்துப்போகாமல் வாழ்ந்த ஓர் அமெரிக்கக் கவிஞரைப் பற்றியது. பிறர் எடுத்த படங்களில் அவர் தலைகாட்டிய இடங்களைத் தேடிச் சேர்த்து, இடையிடையே தமிழில் தானே பேசியிருந்தாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்பவள். தன் தமிழ் எங்கள் சனத்துக்கு விளங்குமா என்று பார்க்கத்தான் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் காட்ட வேண்டும் என்றாள்.

போன மாரி முழுவதும் அவள் வகுப்புக்குப் போகவில்லை. அறையை விட்டே வரவில்லை. சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். ஒருநாள் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்; கணினியில் தாடிக்காரர் ஒருவர் தெருவோரம் நின்று யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். இந்தப் படத்தில் இவருக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் கண் இவரிடம்தான் போகிறது என்றாள். அடுத்த கிழமை வகுப்புக்குப் போனாள். அந்தக் கவிஞரை நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

இன்றைக்கு ஒருவரும் வராவிட்டால் திரும்பவும் படுத்துவிடுவாளோ என்ற பயத்தில் எழுந்தேன். வெளியே வந்து, புறநகரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து நாலைந்து குடும்பங்களைக் கூட்டிவருவதாகச் சொன்ன தோழியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மூண்டு எண்டா நாலரைதானே, அக்கா? கலியாணவீட்டுக்கும் அப்பிடித்தானே வாறனாங்கள்."

"இது கலியாணவீடில்லையடி. ஆறு மணிக்கு மண்டபத்தைப் பூட்டிப்போடுவாங்கள்."

"ஓம், ஓம், வெளிக்கிட்டாச்சு."

சேலை இன்னும் கட்டி முடியவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. பக்கத்துத் தெருவான ரூ பஜோலின் கடைக்காரர்களைக் கேட்டும் பயனில்லை. சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு யார் வருவார்கள்? நான் காட்டிய விளம்பரத்தாளில் கவிஞரின் தாடியையும் மணிமாலையையும் பார்த்து, எந்தச் சாமியார் வருகிறார் என்று ஒருவர் விசாரித்தார்.

நான் திரும்பி வந்தபோது பேராசிரியை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் விளக்கை அணைத்தாள்.

கவிஞர் ஒரு கூட்டத்தின் ஓரத்தில் தோன்றினார். ஊர்வலமொன்றில் பாடினார். நரைத்த பிறகு யாருடையதோ சமையலறையில் தேநீர் ஊற்றினார். எந்தப் படத்திலும் அவர் கதாநாயகன் இல்லை. மகளின் குரல் சில சொற்களில் தடுக்கினாலும் நிற்காமல் போனது. நான் பாதி நேரம் திரையையும் பாதி நேரம் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடியும் தறுவாயில் கதவு திறந்தது. பட்டுச்சேலைகள், பிள்ளைகள், வடை வாசம். முன்னால் வந்த தோழியின் கணவர் நாற்காலியொன்றில் முழங்காலை இடித்துக்கொண்டு, அப்படியே நின்று திரையிலிருந்து வந்த தமிழைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு மகள் நின்ற பக்கம் திரும்பினார்.

"இதிலை கதைக்கிறது நீரோ, பிள்ளை? அப்ப முதல்லயிருந்து போடும். நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை."