கேமரா மாட்டும்போது காதில் விழுந்தவை

ஏணியில் ஏறத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் கேமரா மாட்டுகிற தொழிலுக்கு வந்தேன். ஏறி நின்ற பிறகு கீழே நிற்பவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பழனிசெட்டிபட்டியில் எனக்குச் சின்னதாக ஒரு கடை. கூட்டாளி ஜோசப் அண்ணன். ஒயர் இழுப்பது அவர் வேலை. கேமராவை நெட்வொர்க்கில் சேர்த்து, போனில் படம் வரவைப்பது என் வேலை. தேனியைச் சுற்றி, கம்பம் வரைக்கும், அந்தப் பக்கம் வருசநாடு வரைக்கும் போவோம். பாஸ்வேர்டை மறந்துவிட்டுச் சொந்த வீட்டுக் கேமராவையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற வாசகர்களே, நாமெல்லாம் ஒரே கட்சி. அதனால் உங்களிடம் சொல்லலாம்.

பிளக் பாயிண்ட் எங்கே?

போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் குடோன். மூலையில் கேமராவைப் பொருத்திவிட்டு இறங்கினேன். அவர் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். "இங்கன பிளக் பாயிண்ட் இல்லையே, கேமராவுக்குக் கரண்டு?" என்றார். பழைய கேமராக்களுக்குப் படத்துக்கு ஒரு ஒயர், கரண்டுக்கு ஒரு ஒயர் தனித்தனியாக இழுக்க வேண்டும். இப்போது வருகிற ஐபி கேமராக்களில் பி.ஓ.இ. என்று ஒரு வசதி உண்டு. ஒரே நெட்வொர்க் கேபிளில் இங்கிருந்து கரண்ட் போகும், அதே கேபிளில் அங்கிருந்து படம் வரும். சொல்லிப் பார்த்தேன். "ஒரே குழாயில தண்ணியும் பாலுமா?" என்று சிரித்துவிட்டார்.

ஜோசப் அண்ணன் கேபிள் முனையைக் கரண்டும் சேர்த்து அனுப்புகிற நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியில் சொருகினார். கொஞ்ச நேரத்தில் டிவியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. வியாபாரி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மா டிவியைப் பார்க்கவில்லை, கேபிள் போகிற வழியையே மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மகளைக் கட்டிக் குடுத்த மாதிரில்ல இருக்கு! இங்கனருந்து சீரு போகுது, அங்கனருந்து சேதி வருது, ரெண்டுக்கும் ஒரே ரோடு."

வாசலில் வெயில்

தேனி பஜாரில் கிழக்குப் பார்த்த பாத்திரக்கடை. காலை வெயில் நேராக வாசலில் அடிப்பதால், உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் கேமராவில் கரிக்கட்டையாகத் தெரிந்தார்கள். செட்டிங்கில் டபிள்யூ.டி.ஆர். என்பதைப் போட்டுவிட்டேன். அது வெளிச்சத்துக்கு ஒரு படம், இருட்டுக்கு ஒரு படம் எடுத்து இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும். தெருவும் தெரிந்தது, வந்தவர் முகமும் தெரிந்தது. கடைக்கார அண்ணாச்சி வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் விற்பனையாளர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "வெளியில பளபளன்னு நிக்கிறவனும் தெரியுறான், உள்ள மங்கலா நிக்கிறவனும் தெரியுறான். யாவாரின்னா இப்பிடித்தான்யா இருக்கணும்."

பெரிய கள்ளன்

கம்பத்துக்குப் பக்கத்தில் ஈஸ்வரி அக்காவுக்குத் திராட்சைத் தோட்டம். மாட்டிக் கொடுத்துவிட்டு வந்த மறுநாளே போன். "தம்பி, எதுக்கெடுத்தாலும் போனு கத்துது. ஆளு வந்திருக்குன்னு ஓடிப் போய்ப் பாத்தா ஒருத்தரையும் காணோம்." ஆடி மாதம். மலையிலிருந்து இறங்குகிற காற்றில் பந்தல் முழுக்க இலை ஆடிக்கொண்டிருந்தது. அசைவு தெரிந்தால் தகவல் அனுப்பு என்று கேமராவுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது பாவம், ஒவ்வோர் இலைக்கும் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. போய், படத்தில் பந்தலை விட்டுவிட்டுப் பாதையை மட்டும் கட்டம் போட்டுக் கொடுத்தேன். மனித உருவம் வந்தால் மட்டும் சொல் என்றும் மாற்றினேன். போன் அடங்கியது.

இரண்டொரு நாளில் அக்கா மறுபடியும் கூப்பிட்டார். மேற்கு மூலையில் மட்டும் பழையபடி அசைவைக் காட்டுகிற மாதிரி வைத்துத் தரச் சொன்னார். அந்தப் பக்கத்தில் பந்தலைத் தாங்குகிற கல்தூண் ஒன்று சாய்ந்திருக்கிறது, காற்று முதலில் நுழைவதும் அங்கேதான் என்றார். சாதாரண ஆட்டத்துக்கெல்லாம் கத்தாமல், பந்தலே குலுங்கினால் மட்டும் தகவல் வருகிற மாதிரி உணர்திறனைக் குறைத்து வைத்தேன். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அந்த வாரமே காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. அக்கா அப்போது உரக்கடையில் நின்றிருந்தார். போனில் தகவல் வந்ததும் தன் கூடப்பிறந்த தம்பியைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடி, சாய்ந்த கல்லுக்கு முட்டுக் கொடுத்துக் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டார். பழம் பறிக்க நாள் குறித்திருந்த பந்தல் அது. காற்று அடங்கும்வரை பந்தல் நின்றது. நான் திருடனுக்காக மாட்டிய கேமராவை அவர் காற்றுக்குக் காவல் வைத்துவிட்டார். மறுநாள் போனில் பாராட்டினேன். அவர் சொன்னார்: "கள்ளன் வந்தா நாலு குலைய அறுத்துக்கிட்டுப் போவான் தம்பி. காத்து வந்தா தோட்டத்தையே தூக்கிட்டுப் போயிரும். எனக்கு அவந்தான் பெரிய கள்ளன்."

பச்சைச் சேலை

குச்சனூர் கோயிலில் சனிக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே ராணி என்பவர் வண்டி நிறுத்துமிடம் நடத்துகிறார். அவருக்கு மாட்டியது பி.டி.இசட். கேமரா. இடம் வலம் திரும்பும், மேலும் கீழும் சாயும், தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும். அதைச் சரிபார்க்கப் போயிருந்த அன்று ஒரு சின்னப் பெண்பிள்ளை அழுதுகொண்டு வந்து நின்றது. அம்மாவைக் காணோம். அம்மா என்ன சேலை என்று கேட்டால் "பச்சை" என்றது. நான் கேமராவைத் திருப்பிப் பச்சைச் சேலைகளாகத் தேடினேன். திரும்பிய பக்கமெல்லாம் பச்சையாக இருந்தது.

ராணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மவுஸை வாங்கினார். கூட்டத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். பூக்கடை ஓரத்தில் சட்டென்று நிறுத்தி, கிட்டே இழுத்தார். ஒரு பெண் குனிந்து குனிந்து ஓடிக்கொண்டிருந்தாள். சேலை நீலம். பிள்ளை திரையைப் பார்த்து "அம்மா!" என்று கத்தியது. ஜோசப் அண்ணன் ஓடிப் போய்க் கூட்டி வந்தார். அந்தத் தாய் பிள்ளையை வாங்கிக்கொண்டு ராணியின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவர்கள் போன பிறகு எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ராணியிடம் கேட்டேன். "சாமி கும்புட வந்தவுக எல்லாரும் முன்னால பாத்து நடப்பாக. பிள்ளையத் தொலைச்சவ மட்டுந்தேன் இடுப்பு உசரத்துலயே தேடிக்கிட்டு ஓடுவா."

கட்டில் தெரியக் கூடாது

வருசநாட்டில் காட்டை ஒட்டிய தோட்டத்து வீட்டில் மாயாண்டி ஐயா தனியாக இருக்கிறார். மகள் செல்வி கோட்டயத்தில் நர்ஸ். அப்பா வீட்டில் கேமரா வைக்கச் சொன்னதே செல்விதான். சிம் கார்டு போட்ட கேமரா, பேசவும் கேட்கவும் முடிகிற மாதிரி. டவர் கிடைத்த ஒரே இடம் வாசல் தூண். அங்கே வைத்தால் வாசலோடு சேர்ந்து, தாழ்வாரத்தில் அவர் படுக்கிற கட்டிலும் தெரிந்தது. ஐயா ஏணியைப் பிடித்துக்கொண்டார். "நான் படுத்துக் கெடக்குறத எதுக்குத் தம்பி கோட்டயத்துல பாக்கணும்?"

கேமராவில் பிரைவசி மாஸ்க் என்று ஒன்று உண்டு. படத்தில் எந்த இடம் வேண்டாமோ அங்கே கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிடலாம். அந்த இடம் பதிவாகவும் ஆகாது. கட்டிலை மறைத்துக் காட்டினேன். ஐயா போனை வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டு ஏணியை விட்டார். செல்விக்கு அரை மனம்தான்.

மழை பெய்த ஒரு காலையில் ஐயா தண்ணீர்க் குடத்தோடு வாசலில் வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை. போன் வீட்டுக்குள். கேமரா அனுப்பிய தகவலைப் பார்த்த செல்வி, வார்டிலிருந்தே கேமரா வழியாகப் பேசினாள். "அப்பா, அசையாதீக. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். காலு விரலை மட்டும் ஆட்டிக் காட்டுங்க." ஐயா ஆட்டிக் காட்டினார். ஆஸ்பத்திரி போனில் பக்கத்துத் தோட்டக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, அவர் ஆட்களோடு ஐயாவைச் சுமக்க ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவரை அப்பாவோடு பேச்சை விடாமல் வைத்திருந்தாள். என்ன பேசினாள் என்று பின்னால் கேட்டேன். எருமை பால் கறக்கிறதா, கிணற்றில் தண்ணீர் ஏறியதா என்று கேட்டாளாம். கேள்விக்குப் பதில் சொல்கிறவரைக்கும் மயங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

இடுப்பு எலும்பில் விரிசல். ஐயா தேறி, கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் செல்வி என்னை அனுப்பினாள்: கறுப்புக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும், அப்பா கட்டிலில் இருந்தாலும் தனக்குத் தெரிய வேண்டும். நியாயம்தான் என்று நானும் போனேன். ஐயா முதலில் கேமராவை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியில் படிந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட ஆள் இல்லாத வீடு. தன் துண்டை எடுத்துக் கொடுத்து, "கண்ணாடியத் தொடச்சு விடு, பிள்ளைக்கு மங்கலாத் தெரியப் போகுது" என்றார். துடைத்தேன். கட்டத்தை எடுக்கட்டுமா என்று கேட்டேன். அவர் சொன்னது இது: "கட்டிலு மறைஞ்சே இருக்கட்டும் தம்பி. இனிமே விழுகுறதா இருந்தா வாசல்ல வந்தே விழுந்துக்கிறேன்னு அவகிட்டச் சொல்லிரு."

இத்தனை வருடத்தில் என் கேமராக்கள் பிடித்துக் கொடுத்த திருடர்களைவிடக் காட்டிக் கொடுத்த நல்ல மனிதர்கள்தான் அதிகம், ஆனாலும் திருடன் பேரைச் சொன்னால்தான் ஒருத்தராவது வாங்குகிறார்.